இங்கிலீஷ் கிராமர் டவுட்டுக்கு பதில் சொல்லப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க

கொஞ்சம் இங்கிலீஷ் நல்லா எழுதுவீங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும், அப்புறம் மெசேஜ் வந்துகிட்டே இருக்கும். "இந்த லைன் ஓகேவா பாரேன்", "இங்க இன் வருமா ஆன் வருமா", "ஹேஸா ஹேவா". படிச்ச உடனே எது சரின்னு நமக்குத் தெரிஞ்சிடும், ஆனா ஏன்னு கேட்டா வாய் வராது, இல்லேன்னா ஸ்கூல்ல படிச்ச ஏதோ ஒரு ரூலை எடுத்து விடுவோம், அதைக் கேட்டுட்டு அவங்க அடுத்த நாள் இன்னொரு வாக்கியத்தைக் கொண்டு வந்து "உன் ரூல் இதுக்குப் பொருந்தலையே"ன்னு நிப்பாங்க. இங்கிலீஷ் தெரியறது வேற, இங்கிலீஷ் பத்தின கேள்விக்கு பதில் சொல்றது வேற. ரெண்டாவதை யாரும் சொல்லித் தர்றதில்ல, நானும் தட்டுத் தடுமாறித்தான் ஒரு வரிசைக்கு வந்தேன். அந்த வரிசையைத்தான் கீழ போட்டிருக்கேன். ஃப்ரெண்டுக்கு, கூட வேலை பாக்கறவங்களுக்கு, தம்பி தங்கச்சிக்கு, ட்யூஷன் பசங்களுக்கு, யாருக்குச் சொல்றதா இருந்தாலும் இதே வரிசைதான்.

1. முதல்ல முழு வாக்கியத்தை வாங்குங்க

கேள்வி பெரும்பாலும் "சின்ஸ் கரெக்டா, ஃபார் கரெக்டா?"ன்னுதான் வரும். இதுக்கு பதிலே கிடையாது. ரெண்டுமே இங்கிலீஷ் வார்த்தைதான், ரெண்டும் கரெக்ட்தான். பதில் சொல்ல உக்கார்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்டு வாங்கிடுங்க:

- அவங்க எழுதின முழு வாக்கியம், அதுக்கு முன்னாடி இருக்கற வாக்கியத்தோட
- என்ன சொல்ல வர்றாங்கன்னு அவங்க வாயால தமிழ்ல
- எங்க போகப் போகுது: ஆபீஸ் மெயிலா, கட்டுரையா, பரீட்சையா, சும்மா சாட்டா
- படிக்கப் போறவங்க பிரிட்டிஷ் ஸ்டைலை எதிர்பார்ப்பாங்களா, அமெரிக்கன் ஸ்டைலையா
- எப்பக்குள்ள பதில் வேணும்

ரெண்டாவது ஐட்டத்தை யாரும் கேக்கறதில்ல, ஆனா அதுலதான் பாதி வேலை முடியும். "ஹீ ஸ்டாப்ட் டு டாக் டு ஹெர்"னு ஒருத்தர் அனுப்பி சரியான்னு கேக்கறாங்கன்னு வைங்க. கிராமர்படி ஒரு குறையும் இல்ல, நீங்களும் சரின்னு சொல்லிடுவீங்க. என்ன சொல்ல வந்தீங்கன்னு கேட்டா "அவளோட பேசறதையே நிறுத்திட்டான்"னு வரும். அப்ப அது "ஹீ ஸ்டாப்ட் டாக்கிங் டு ஹெர்"னுதான் இருக்கணும், ஏன்னா முதல்ல எழுதினதுக்கு அர்த்தம் போய்க்கிட்டிருந்தவன் நின்னு அவகிட்ட பேசினான்னு, கிட்டத்தட்ட தலைகீழ். வாக்கியம் சரி, ஆனா அவங்க சொல்ல வந்தது இது இல்ல. இந்த மாதிரி கேஸ் நீங்க நினைக்கறதைவிட அதிகமா வரும். "ரிமெம்பர் டு கால்", "ரிமெம்பர் காலிங்" ரெண்டும் இப்படித்தான், அதே மாதிரி "ஐ யூஸ்ட் டு டிரைவ்", "ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்".

முன்னாடி வாக்கியம் எதுக்குன்னா, "எ" போடறதா "தி" போடறதாங்கற கேள்விக்கு அது இல்லாம பதில் சொல்லவே முடியாது. "தி ரிப்போர்ட் வாஸ் லேட்" சரியா தப்பாங்கறது, எந்த ரிப்போர்ட்னு படிக்கறவருக்கு ஏற்கனவே தெரியுமாங்கறதைப் பொறுத்தது. ஒத்தை வரி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா மேல இருக்கற வரியையும் அனுப்பச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. ஆரம்பத்துல ஆர்ட்டிகிள் கேள்வியையும் ப்ரெபொசிஷன் கேள்வியையும் முடிஞ்சவரை ஒத்திப் போட்டுட்டு வினைச்சொல் கேள்வியிலயே கை பழகுங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆர்ட்டிகிள்தான் பாக்கறதுக்கு சின்னது, உள்ள போனா வெளிய வர முடியாது.

2. கேள்வி எந்த வகைன்னு பிரிங்க

இதை மட்டும் செஞ்சாலே உங்க பதில் தரம் ஏறிடும். என் கணக்குல அஞ்சு வகை.

முதல் வகை, எந்த ஊர் இங்கிலீஷ்லயும் பொதுவா ஏத்துக்காத தப்பு. "ஹீ டிடின்ட் வென்ட்", "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ்". இங்க தைரியமா தப்புன்னு சொல்லலாம்.

ரெண்டாவது, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இருக்கற அமைப்பு. "டாக் அபௌட்" வரும், "ஸ்பீக் அபௌட்" வரும், "எ டிஸ்கஷன் அபௌட்" கூட வரும், ஆனா "டிஸ்கஸ் அபௌட்" வராது. ஏன்னு கேட்டா லாஜிக் எல்லாம் ஒண்ணும் இல்ல, அந்த வினைச்சொல் நேரா செயப்படுபொருளை எடுத்துக்கும், அவ்வளவுதான். இங்க காரணம் கண்டுபிடிக்கப் போகாதீங்க, நீங்களா கட்டற காரணம் அடுத்த வார்த்தையில உடைஞ்சிடும். "எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ்" இந்த வகை. "மேரீட் வித்" கூட இந்த வகைதான், "ஷீ இஸ் மேரீட் டு எ டாக்டர்"னுதான் வரணும். ஆனா "மேரீட் வித் டூ சில்ட்ரன்"னு பாத்தீங்கன்னா அது சரி, கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருக்குன்னு அர்த்தம், அதைப் பாத்துட்டு திருத்திடாதீங்க.

மூணாவது, ஜோடி சேர்றது. மழை "ஹெவி", காத்து "ஸ்ட்ராங்". "மேக் எ மிஸ்டேக்"தான், "டூ எ மிஸ்டேக்" இல்ல. கிராமர்ல இடம் இருக்கும், ஆனா யாரும் அப்படி சொல்றதில்ல.

நாலாவது, இடத்துக்கு இடம் மாறறது. "கெட்"டோட மூணாவது வடிவமா "காட்டன்"னு (gotten) அமெரிக்கால சகஜமா சொல்றதை பிரிட்டன்ல "காட்"னு முடிச்சிடுவாங்க. "தி டீம் ஆர் ப்ளேயிங் வெல்" பிரிட்டிஷ்ல சாதாரணம், அமெரிக்கன் கண்ணுக்கு உறுத்தும். "ப்ரிபோன்" இந்தியன் இங்கிலீஷ்ல எல்லாருக்கும் தெரியும், டிக்ஷனரியிலயும் இந்தியன் இங்கிலீஷ்னு லேபிளோட இருக்கு, ஆனா வெளிநாட்டு கிளையண்டுக்கு மெயில் அனுப்பினா அவர் முழிப்பார். இதெல்லாம் தப்பு கிடையாது, இடம் பாத்து போட வேண்டியது.

அஞ்சாவது, ரசனைச் சண்டை. ப்ரெபொசிஷன்ல வாக்கியம் முடியலாமா, "அண்ட்", "பட்" வெச்சு ஆரம்பிக்கலாமா, "டு"வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவுல இன்னொரு வார்த்தை நுழையலாமா, "லெஸ்"ஸா "ஃப்யூவர்"ஆ, "நன் இஸ்"ஸா "நன் ஆர்"ஆ. இதுல தப்புன்னு சொல்றவங்களும் இருப்பாங்க, சரின்னு சொல்றவங்களும் இருப்பாங்க, நல்லா எழுதறவங்க ரெண்டும் எழுதியிருப்பாங்க. இங்க நீங்க நீதிபதி ஆகாதீங்க. "ரெண்டும் நடக்கும், ஃபார்மலா எழுதினா இது பாதுகாப்பு"ன்னு சொல்லிட்டு நகருங்க.

முதல் வகைக்கு மட்டும்தான் "தப்பு"ங்கற வார்த்தை. மத்த நாலுக்கும் வேற வார்த்தை இருக்கு: "அந்த வார்த்தைக்கு அப்படி வராது", "யாரும் அப்படி சொல்றதில்ல", "இங்க பொருந்தாது", "ரெண்டும் ஓகே". எல்லாத்தையும் தப்புன்னு சொல்லிப் பழகினா, கேக்கறவங்களுக்கு எது பெரிய விஷயம் எது சின்ன விஷயம்னே தெரியாமப் போயிடும்.

3. கையில வெச்சுக்க வேண்டியது என்ன, காசு எவ்வளவு ஆகும்

நல்ல செய்தி, ஆரம்பிக்க ஒரு பைசா வேண்டாம்.

லேர்னர்ஸ் டிக்ஷனரி, அதாவது இங்கிலீஷைக் கத்துக்கறவங்களுக்காகவே எழுதினது, அதுதான் முதல் ஆயுதம். ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூணும் ஆன்லைன்ல இலவசம். காலின்ஸ் சைட்ல வர்ற கோபில்ட் விளக்கங்களும் இலவசம், அதுல அர்த்தத்தையே முழு வாக்கியமா எழுதியிருப்பாங்க, அந்த வார்த்தை எப்படி உக்காரும்னு அதுலயே தெரிஞ்சிடும். நிறைய பேர் செய்யற தப்பு என்னன்னா, பெரிய டிக்ஷனரிதான் நல்ல டிக்ஷனரின்னு நினைச்சு தாய்மொழிக்காரங்களுக்கு எழுதினதை எடுத்துக்கறது. அதுல அர்த்தம் ஆழமா இருக்கும், ஆனா இந்த வார்த்தையை எண்ண முடியுமா முடியாதா, பின்னாடி "டு" வருமா "ஐஎன்ஜி" வருமாங்கற விஷயத்தை லேர்னர்ஸ் டிக்ஷனரி அளவுக்கு வெளிப்படையா போட மாட்டாங்க, படிக்கறவருக்கு அது தெரியும்னு எடுத்துக்குவாங்க.

மெரியம் வெப்ஸ்டர் அமெரிக்கன் வழக்குக்கு, அதுவும் இலவசம். அஞ்சாவது வகை சண்டைகளுக்கு அவங்க போடற யூசேஜ் குறிப்பு ரொம்ப உபயோகம்.

காசு போடணும்னா ஒரே ஒரு புத்தகம், மைக்கேல் ஸ்வானோட "பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்". நாலாவது பதிப்பு 2016ல வந்தது, பழைய பதிப்பு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சாலும் தாராளமா எடுக்கலாம், கிராமர் அவ்வளவு சீக்கிரம் மாறிடாது. "கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் தி இங்கிலீஷ் லாங்வேஜ்" 2002ல வந்தது, 1800 பக்கத்துக்கு மேல, விலையும் அதுக்கேத்த மாதிரி. ஆரம்பத்துல வாங்காதீங்க, அதுல இருக்கற கலைச்சொல்லைப் புரிஞ்சுக்கவே தனியா படிக்கணும். ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய டிக்ஷனரி (ஓஇடி) சந்தா கட்டினாத்தான் முழுசா திறக்கும், சில நூலகங்கள் உறுப்பினர்களுக்கு லாகின் குடுக்கறாங்க, இருந்தா பயன்படுத்துங்க, இல்லேன்னா நம்ம வேலைக்கு அது தேவையே இல்ல. அது வார்த்தையோட வரலாறு பாக்கறதுக்கு, இன்னைக்கு மெயில்ல எது போடறதுன்னு பாக்கறதுக்கு இல்ல.

கார்பஸ் பத்தி அஞ்சாவது ஸ்டெப்ல சொல்றேன்.

4. டிக்ஷனரியைத் திறந்தா அர்த்தத்தைப் பாக்காதீங்க

கேக்கறவங்களுக்கு அர்த்தம் தெரியும். நீங்க பாக்க வேண்டியது அமைப்பு, உதாரண வாக்கியம், லேபிள்.

ஒரு கேள்வியை முழுசா எடுத்துப் பாக்கலாம். "ப்ளீஸ் சஜஸ்ட் மீ எ குட் புக்" சரியா? கேக்க ரொம்ப சகஜமாத்தான் இருக்கு. லேர்னர்ஸ் டிக்ஷனரியில "சஜஸ்ட்"டைத் திறங்க. அர்த்தத்தைத் தாண்டி கீழ போனா அமைப்புகள் வரிசையா இருக்கும்: சஜஸ்ட் சம்திங், சஜஸ்ட் சம்திங் டு சம்படி, சஜஸ்ட் டூயிங் சம்திங், சஜஸ்ட் தட். "சஜஸ்ட் சம்படி சம்திங்"னு ஒண்ணு அங்க இருக்காது. "கிவ்"வைத் திறந்து பாத்தா "கிவ் சம்படி சம்திங்" இருக்கும். அதாவது "கிவ் மீ எ புக்" வரும், "சஜஸ்ட் மீ எ புக்" வராது. ரெண்டாவது வகை கேள்வின்னு இப்ப உறுதியாயிடுச்சு.

இங்கயே நிறுத்திட்டு "சஜஸ்ட் எ குட் புக் டு மீ"ன்னு எழுதுங்கன்னு சொல்லிடாதீங்க. கிராமர் சரியாயிடும், ஆனா காதுக்கு நல்லா இல்ல. உதாரண வாக்கியங்களைப் படிச்சீங்கன்னா புத்தகம், சினிமா, டாக்டர் மாதிரி "இது நல்லா இருக்கும்"னு சொல்ற இடத்துல "ரெக்கமெண்ட்"தான் அதிகமா வரும். அதனால பதில் "கேன் யூ ரெக்கமெண்ட் எ குட் புக்?". "மீ"யே தேவையில்ல, யாருக்குன்னு கேள்வியிலயே தெரியுது.

அதே வார்த்தையில இன்னொரு கேள்வியும் கண்டிப்பா வரும்: "ஐ சஜெஸ்டட் தட் ஹீ கோ", "கோ"வுக்கு பதிலா "கோஸ்"னு வரணுமேன்னு. "ஹீ கோ"ங்கறது டைப்போ மாதிரி தெரியும், ஆனா அது சரி, அமெரிக்கன் எழுத்துல அதுதான் வழக்கம். பிரிட்டிஷ்ல "ஹீ ஷுட் கோ"ன்னு நிறைய வரும். இது நாலாவது வகை. ஒரே வார்த்தை, ரெண்டு கேள்வி, ரெண்டு வகை, பாத்தீங்களா.

லேபிள் ரொம்ப முக்கியம். "டிக்ஷனரியில இருக்கே, அப்ப சரிதானே"ன்னு ஒரு வாதம் அடிக்கடி வரும். "இர்ரிகார்ட்லெஸ்" மெரியம் வெப்ஸ்டர்ல இருக்கு. கூடவே நான்ஸ்டாண்டர்ட்னு போட்டிருக்கு. இருக்கறதுங்கறது ஒண்ணு, போடலாம்ங்கறது இன்னொண்ணு. ஃபார்மல், இன்ஃபார்மல், ஓல்ட் ஃபேஷன்ட், இந்தியன் இங்கிலீஷ், இப்படி எந்த லேபிள் இருந்தாலும் உங்க பதில்ல அது வந்தே ஆகணும்.

எண்ண முடிஞ்சா சி, முடியாதுன்னா யூ ன்னு ஒரு எழுத்து போட்டிருப்பாங்க, சில டிக்ஷனரியில முழு வார்த்தையாவே இருக்கும். "அட்வைசஸ்", "இன்ஃபர்மேஷன்ஸ்", "எக்விப்மெண்ட்ஸ்" கேள்விக்கெல்லாம் அந்த ஒத்தை எழுத்துதான் பதில். அர்த்தத்துக்கு அர்த்தம் அது மாறும்ங்கறதை மட்டும் கவனிங்க, "எக்ஸ்பீரியன்ஸ்" வேலை அனுபவம்னா யூ, வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவம்னா சி.

5. கார்பஸ் பாருங்க, ஆனா நம்பரை அப்படியே நம்பாதீங்க

டிக்ஷனரியில கிடைக்காத கேள்வி வரும், குறிப்பா மூணாவது வகையில. அப்பத்தான் கார்பஸ். நிஜமா எழுதினது, பேசினது எல்லாத்தையும் கொட்டி வெச்சு தேட விடற இடம். கோக்காங்கறது (COCA) அமெரிக்கன் இங்கிலீஷ் கார்பஸ், 1990ல இருந்து 2019 வரைக்கும், 100 கோடி வார்த்தைக்கு மேல, பேச்சு, கதை, பத்திரிகை, ஆய்வுக்கட்டுரைன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. அக்கவுண்ட் ஆரம்பிச்சா இலவசமா தேடலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு உண்டு. பிரிட்டிஷுக்கு பிஎன்சி (BNC), 10 கோடி வார்த்தை, ஆனா அது 1990களோட நின்னுபோச்சு, ஈமெயில் காலத்து வார்த்தையை அதுல தேடி இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

கூகுள் என்கிராம் இதைவிட ஈஸி, லாகின் கூட வேண்டாம். ரெண்டு சொற்றொடரை கமா போட்டு அடிச்சா கோடு வரைஞ்சு காட்டும், பிரிட்டிஷ் அமெரிக்கன் தனித்தனியா பாக்கலாம். அஞ்சு வார்த்தைக்கு மேல ஏத்துக்காது. 40 புத்தகத்துக்குக் குறைவா வந்த சொற்றொடரைக் காட்டாது, அதனால ஒண்ணும் வரலைன்னா "அப்படி யாருமே எழுதினதில்ல"ன்னு அர்த்தம் இல்ல. அப்புறம் அது முழுக்க புத்தகம், ஜனங்க பேசறது அதுல கம்மி.

இப்ப பொறி. "டிஸ்கஸ் அபௌட்"னு தேடினா கொஞ்சம் ரிசல்ட் வரத்தான் செய்யும், உடனே "பாருங்க, எழுதறாங்களே"ன்னு தோணும். உள்ள போய் வாக்கியத்தைப் படிச்சா "வீ வில் டிஸ்கஸ் அபௌட் டென் கேசஸ்"னு இருக்கும், அங்க "அபௌட்"டுக்கு சுமாரான்னு அர்த்தம், சுமார் பத்து கேஸ். அதே மாதிரி "தி ஸ்டூடண்ட் ஆர்"னு தேடினாலும் ரிசல்ட் வரும், ஏன்னா "தி பேரண்ட்ஸ் ஆஃப் தி ஸ்டூடண்ட் ஆர்"ங்கறதுக்குள்ள அது இருக்கு. மெஷின் வார்த்தை பக்கத்துல வார்த்தை இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். அதனால எண்ணிக்கையைப் பாத்துட்டு மூடாதீங்க, முதல் இருபது வாக்கியமாவது கண்ணால படிங்க. என்கிராம்ல கோட்டுக்குப் பின்னாடி இருக்கற வாக்கியத்தைப் பாக்கறது கஷ்டம், அதனாலயே சந்தேகமான கேஸுக்கு கார்பஸ்தான் போகணும்.

சாதாரண கூகுள் தேடல்ல "இத்தனை லட்சம் ரிசல்ட்"னு நம்பர் வந்தா அதை ஆதாரமா காட்டவே காட்டாதீங்க. அது தோராய மதிப்பீடு, நாளைக்குத் தேடினா வேற நம்பர் வரும்.

6. பதிலை இந்த வரிசையில எழுதுங்க

முதல் வரியில தீர்ப்பு. ரெண்டாவது திருத்தின வாக்கியம், முழுசா, அப்படியே காப்பி பண்ணிக்கற மாதிரி. மூணாவது காரணம், ரெண்டு வரிக்கு மேல போகாம. கடைசியா அந்தக் காரணம் எது வரைக்கும் செல்லும்ங்கற எல்லை. இந்த நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, பின்னாடி வர்ற தகராறு முழுக்க அதனாலதான்.

"ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே"ங்கற கேள்விக்கு நான் எழுதற பதில் இப்படி இருக்கும்:

"வராதுங்க. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே'ன்னு எழுதுங்க. நேத்து முடிஞ்சுபோன நேரம், அப்படி முடிஞ்ச நேரத்தை வாக்கியத்துலயே சொல்லிட்டா ஹேவ் வராது, சாதாரண பாஸ்ட் போதும். நேரம் சொல்லலைன்னா 'ஐ ஹேவ் சீன் ஹிம்' தாராளமா சொல்லலாம். 'திஸ் மார்னிங்' போட்டா கொஞ்சம் கவனிக்கணும், இன்னும் காலை நேரமாவே இருந்தா ரெண்டும் ஓகே, மதியம் ஆயிட்டா 'சா'தான்."

அவ்வளவுதான். ப்ரெசண்ட் பெர்ஃபெக்டோட நாலு பயன்பாடு, அட்டவணை, டைம்லைன் படம் எதுவும் வேண்டாம். கேட்டது ஒரு வாக்கியம். அவங்க மெயில்ல வேற மூணு தப்பு கண்ணுல பட்டாலும் கேக்காம திருத்தாதீங்க, அர்த்தமே மாறிப்போற தப்பா இருந்தா மட்டும் "இதையும் ஒருமுறை பாத்துடுங்க"ன்னு ஒரு வரி.

கிராமர் பேர்களைக் குறைச்சுக்கங்க. "ஸ்டேட்டிவ் வெர்ப்"னு சொன்னா பாதிப் பேர் அங்கயே கழண்டுக்குவாங்க. "நோ, லைக், பிலாங் மாதிரி நிலைமையைச் சொல்ற வார்த்தைக்கு பொதுவா ஐஎன்ஜி போடறதில்ல, அதனால 'ஐ ஆம் நோயிங்' வராது"ன்னு சொன்னா வேலை முடிஞ்சது. அந்தப் "பொதுவா"வை மறக்காதீங்க, ஏன்னா "ஐ ஆம் திங்கிங்" வரும், "ஷீ இஸ் ஹேவிங் எ பேபி" வரும்.

7. அடிக்கடி விழற குழிகள்

ஸ்கூல் ரூலை முழு ரூலா எடுத்துக்கறது. "உயிரெழுத்துக்கு முன்னாடி ஆன்"னு படிச்சோம். சத்தம்தான் கணக்கு, எழுத்து இல்ல. அதனாலதான் "எ யுனிவர்சிட்டி", "ஆன் அவர்", "ஆன் எம்பிஏ". "எண்ண முடிஞ்சா ஃப்யூவர்"னு சொல்றவங்க கூட "லெஸ் தன் டென் கிலோமீட்டர்ஸ்"னுதான் எழுதுவாங்க, ஏன்னா அங்க கிலோமீட்டரை ஒண்ணொண்ணா எண்ணல, ஒரே தூரமா பாக்கறாங்க.

பிரிட்டிஷ் அமெரிக்கன் பிரிவை ரொம்ப சுத்தமா சொல்றது. "ஐஎஸ்இ பிரிட்டிஷ், ஐஇசட்இ அமெரிக்கன்"னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்பெல்லிங்ல "ஆர்கனைஸ்" இசட் போட்டுத்தான் வரும், அது பிரிட்டிஷ்தான். இன்னொரு பக்கம் "அட்வர்டைஸ்", "எக்சர்சைஸ்", "சர்ப்ரைஸ்" அமெரிக்காலயும் எஸ்தான். பரீட்சைக்குப் படிக்கறவங்க இதுல ரொம்ப பயப்படுவாங்க. ஐஇஎல்டிஎஸ்ல ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஏத்துக்கறாங்க, ஒரே கட்டுரையில கலக்காம இருந்தா போதும்னு சொல்லி அனுப்புங்க.

பழைய தீர்ப்பையே சொல்றது. ஆணா பொண்ணா தெரியாத ஒருத்தருக்கு "தே" போடறதை ரொம்ப நாளா தப்புன்னு திருத்திக்கிட்டிருந்தாங்க. ஆய்வுக்கட்டுரை எழுத நிறைய பேர் பின்பற்றற ஏபிஏ ஸ்டைல் கையேடே 2019ல வந்த ஏழாவது பதிப்புல அதை ஏத்துக்கிட்டு எழுதச் சொல்லுது. ஆனா கேக்கறவங்களோட வாத்தியாரோ எடிட்டரோ வேற ஸ்டைல் வெச்சிருந்தா அதுதான் அங்க சட்டம், அவங்க ஸ்டைல் ஷீட் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு பதில் சொல்லுங்க.

கிராமர் செக்கர் சிவப்புக் கோடு போட்டா தப்புன்னு எடுத்துக்கறது. பாசிவ் வாய்ஸ் வந்தாலே கோடு போடற டூல் இருக்கு. பாசிவ் தப்பு கிடையாது, "ஹிஸ் பர்ஸ் வாஸ் ஸ்டோலன்"னு சொல்ல வேற என்ன வழி, திருடன் யாருன்னு தெரிஞ்சாத்தானே ஆக்டிவ்ல எழுத.

ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டு அப்படியே ஒட்டறது. வாக்கியத்தைத் திருத்தறது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, காரணம் சொல்றப்பத்தான் சில நேரம் இல்லாத ரூலை ரொம்ப தன்னம்பிக்கையோட சொல்லும். "இது சரிதானே?"ன்னு கேட்டா சரின்னு தலையாட்டற பழக்கமும் உண்டு. ரெண்டு வாக்கியத்தையும் குடுத்து எது எங்க வரும்னு கேளுங்க, வர்ற காரணத்தை டிக்ஷனரியில ஒருமுறை சரிபாருங்க.

8. எவ்வளவு நேரம் ஒதுக்கணும்

முதல் ரெண்டு வகைக்கு அஞ்சு நிமிஷம் போதும், டிக்ஷனரியைத் திறந்து மூடற நேரம்தான். மூணாவதுக்கு கார்பஸ் வாக்கியம் படிக்கணும்னா கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். நாலாவதுக்கு நேரம் ஆகறது தேடறதுல இல்ல, கேக்கறவங்ககிட்ட "இது யாருக்குப் போகுது"ன்னு கேட்டு பதில் வாங்கறதுல. அஞ்சாவதுக்கு எவ்வளவு நேரம் வேணா போகும், அதனால கால் மணியோட நிறுத்திக்கங்க.

பத்து நிமிஷத்துல மெயில் அனுப்பணும்னு ஒருத்தர் வந்தா ரூல் ஆராய்ச்சி பண்ணாதீங்க, வாக்கியத்தையே சுத்தி எழுதிக் குடுத்துடுங்க. "ஹூ"வா "ஹூம்"மான்னு சண்டை போடறதுக்கு பதிலா அந்த வார்த்தையே வராத மாதிரி ரெண்டு வாக்கியமா உடைச்சா கேள்வியே போயிடும். காரணம் வேணும்னா சாயங்காலம் சொல்றேன்னு சொல்லுங்க. சாயங்காலம் பெரும்பாலும் யாரும் வர மாட்டாங்க, அது வேற விஷயம்.

பக்கம் பக்கமா ப்ரூஃப் பாக்கச் சொன்னா அது டவுட் கேக்கறது இல்ல, எடிட்டிங் வேலை. அதுக்கு நேரமும் கூலியும் வேற, ஆரம்பத்துலயே பேசிடுங்க. ஒரு பாராவுல மூணு வகைத் தப்பைக் குறிச்சுக் குடுத்து மீதியை அவங்களையே பாக்கச் சொல்றதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது.

9. எதிர்த்துப் பேசினா

"எங்க சார் இப்படித்தான் சொல்லிக் குடுத்தார்"னு வரும். சாரைத் தாக்காதீங்க. அவர் சொன்ன ரூல் பெரும்பாலும் ஏதோ ஒரு அளவுக்கு உண்மையாத்தான் இருக்கும், எல்லை மட்டும் விட்டுப்போயிருக்கும். டிக்ஷனரி பக்கத்தோட லிங்கையும் அதுல இருக்கற ஒரு உதாரண வாக்கியத்தையும் அனுப்பிட்டு விட்டுடுங்க. மதிப்பெண் போடப்போறது அந்த சார்தான்னா "பரீட்சையில அவர் சொன்னபடியே எழுதிடு, மெயில்ல இப்படி எழுது"ன்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல.

உங்களுக்கே தெரியலைன்னா "பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லுங்க, எப்பக்குள்ளன்னும் சொல்லுங்க. "காதுக்கு சரியா படல"ங்கறது பதில் இல்ல, தேட ஆரம்பிக்கறதுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

10. பதில்களை சேத்து வைங்க

வர்ற கேள்விகள்ல முக்கால்வாசி திரும்பத் திரும்ப வர்றதுதான். ஒரு நோட்ஸ் ஆப்லயோ எக்ஸெல்லயோ நாலு காலம் போடுங்க: அவங்க எழுதின வாக்கியம், திருத்தின வாக்கியம், ரெண்டு வரி காரணம், எந்த டிக்ஷனரியில பாத்தீங்கங்கற லிங்க். தலைப்பா ரூல் பேரைப் போடாதீங்க. "ப்ரெசண்ட் பெர்ஃபெக்ட்"னு போட்டு வெச்சா அடுத்த தடவை தேடறப்ப கிடைக்காது, ஏன்னா வர்றவங்க அந்தப் பேரைச் சொல்லிக் கேக்க மாட்டாங்க, "ஹேவ் சீன் யெஸ்டர்டே"ன்னுதான் வருவாங்க. அதனால அவங்க எழுதின தப்பு வாக்கியத்தையே தலைப்பா வைங்க, தேடினா நேரா அங்க போய் நிக்கும், காப்பி பண்ணி அனுப்பிட்டு உங்க வேலையைப் பாக்கலாம். கேட்டவங்க பேர், கம்பெனி பேர், மெயில்ல இருந்த ரகசியம் எதுவும் அந்த ஃபைல்ல ஏறாம பாத்துக்கங்க, வாக்கியத்துல வந்த பேர்களை மாத்திட்டு சேமிங்க.